மறுமுடுக்கு

ஜெபசீலன் முடுக்கிய நட்டை அவனே வந்துதான் கழற்ற வேண்டும் என்று சாத்தான்குளம் பஸ் ஷெட்டில் ஒரு பேச்சு இருந்தது. அதில் மிகை கொஞ்சம்தான். பதினேழு வயதில் நாசரேத்திலிருந்து கிளம்பிப் போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறியவன் அவன். கண்டி மலைப்பாதையில் பத்து வருஷம் தேயிலை லாரி ஓட்டிவிட்டு, யுத்தம் வந்ததும் ஊர் திரும்பினான். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பாதாளமுமாக ஓட்டிப் பழகியவனுக்கு வீலின் அருமை தெரியும். அதனால் தன் பஸ்ஸின் வீல் நட்டை வேறொருவர் தொட விடமாட்டான். டயர் மாற்றினாலும் சரி, கிரீஸ் வைக்கக் கழற்றினாலும் சரி, கடைசி முடுக்கு அவன் கையால்தான். ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் காலை ஊன்றி உடம்பின் பாரம் முழுவதையும் இறக்குவான். நட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கையைத் துடைப்பான்.

"நான் முடுக்குன வண்டியில நீ கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்" என்று மனைவி இன்பமணியிடம் சொல்லியிருக்கிறான். ஜம்பத்துக்காகச் சொன்னதில்லை. அப்படித்தான் நம்பினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ஐப்பசி மாதம். பெட்ரோல் ராணுவத்துக்குப் போய்விட்டதால் பஸ்கள் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. வண்டியின் பின்னால் இடது ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கரி அடுப்பு. காலையில் அதைப் பற்றவைத்து விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பிறகுதான் என்ஜின் உறுமும். நடுவழியில் நின்றுவிட்டால் மறுபடி அந்தப் பாடெல்லாம் பட வேண்டும். டிரைவர்கள் ஆள் ஏற்றக்கூட வண்டியை முழுதாக நிறுத்த யோசித்த காலம்.

பஸ் முதலாளி தாணுலிங்கம் கருப்பட்டி யாவாரத்தில் வளர்ந்தவர். திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் தூத்துக்குடியில் வண்டியைப் பார்க்கிறார் என்று தகவல் வந்ததும், ஞாயிற்றுக்கிழமை பெயிண்டரைக் கூட்டிவந்து வண்டியைப் புதுசாக்கிவிட்டார். வேதக்கோயில் ஆராதனை முடிந்து சாயங்காலம் ஜெபசீலன் ஷெட்டுக்கு வந்தபோது, நான்கு வீல்களும் கழற்றப்பட்டுச் சுவரோரம் சாத்தியிருந்தன. உள்ளும் புறமும் பச்சைப் பெயிண்ட் கெட்டியாக அடித்திருந்தது. வீல் உட்காரும் இடத்தையும் பெயிண்டர் விட்டுவைக்கவில்லை. ஜெபசீலன் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டியது.

"மொதலாளி, காயலையே."

"ஓடுத ஓட்டத்தில காஞ்சிரும். நீ மாட்டுலே."

மாட்டினான். குழாயைச் செருகிக் காலை ஊன்றினான். இருபத்து நான்கு நட்டும் கிறீச்சிட்டன. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட வண்டி உடன்குடி, திருச்செந்தூர் தாண்டி ஆத்தூரில் வந்து நின்றபோது ஒன்பதரை. அங்கேதான் சீனித்தாய் ஏறினாள். தூத்துக்குடியில் ஒரு நூல் மில்லில் வேலை. வாரம் முழுவதும் மில்லுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை இந்த வண்டியில்தான் திரும்புவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெடவெடவென்று ஒல்லியான உடம்பு, கையில் ஒரு தூக்குச்சட்டி. ஜெபசீலனுக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். கண்டக்டர் பிச்சையாவுக்கு அவள் மேல் எரிச்சல் உண்டு. டிக்கெட் கேட்டால் காதில் விழாது. இரண்டு தடவை கத்த வேண்டும். அன்று இடமில்லாமல் பின்னால் இடது வீலுக்கு மேலே இருந்த பலகையில் உட்கார்ந்தாள். தூக்கித் தூக்கிப் போடும் அந்த இடத்தில் எவரும் விரும்பி உட்காரமாட்டார்கள்.

பழையகாயல் தாண்டியது. இரண்டு பக்கமும் உப்பளம். முந்தின வாரம் பெய்த மழையில் பாத்தியெல்லாம் நிறைந்து வானம் அப்படியே தரையில் கிடந்தது. ரோடு ஒரே பள்ளம். ஜன்னல் சட்டங்கள் கடகடவென ஆட, கரி அடுப்பின் மூடி தடதடக்க, அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. முள்ளக்காடு வரும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், ஊரே கேட்கிற மாதிரி:

"வண்டிய நிப்பாட்டுங்க!"

காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரல். பிச்சையா திரும்பிப் பார்த்தான். சீனித்தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, வாந்தி வருதா? வெளிய தலைய நீட்டிக்க."

"சக்கரம் ஆடுது! நிப்பாட்டச் சொல்லுங்க!"

வண்டிக்குள் சிரிப்பு எழுந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மளிகைக் கடைக்காரர் தனராஜ், "இந்த ரோட்டில ஆடாத சக்கரம் எது?" என்றார். ஜெபசீலனுக்கும் கேட்டது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன் முடுக்கிய சக்கரத்தையா சொல்கிறாள்? வண்டியை நிறுத்தினால் கரி அணைந்து போகும். இன்ஸ்பெக்டர் வேறு காத்திருப்பார். கொஞ்ச தூரத்தில் உப்பாற்று ஓடைப் பாலம் தெரிந்தது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இராது; அடியில் மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் முட்டிக்கொண்டு ஓடியது. பாலத்தைக் கடந்து விடுவோம் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

அவன் தலைக்குப் பின்னாலிருந்த தடுப்புப் பலகையில் படபடவென்று அடி விழுந்தது. சீனித்தாய் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். தூக்குச்சட்டியால் பலகையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவரய்யா, ஒங்க கால்ல விழுதேன். ஆட்டம் கூடிக்கிட்டே வருது. பாலத்துக்கு மேல ஏத்தாதிய. நிப்பாட்டலேன்னா நான் இங்கனயே குதிச்சிருவேன்!"

குதித்தாலும் குதிப்பாள் என்று அந்தக் குரல் சொன்னது. ஜெபசீலன் பிரேக்கை மிதித்தான். பாலத்துக்கு நூறு கஜம் இருக்கும்போது வண்டி நின்றது. என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது.

"போச்சு. இனி அரை மணி நேரம் நான் விசிறி சுத்தணும்" என்று பிச்சையா தலையில் கை வைத்தான்.

ஜெபசீலன் ஸ்பேனரையும் குழாயையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். நட்டு அசையாததை எல்லாருக்கும் காட்டி, அந்த அம்மாளை வாயடைக்க வேண்டும் என்றுதான் போனான். பின் இடது சக்கரத்தின் முன்னால் குந்தினான்.

ஆறு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன.

ஸ்பேனரைக் கீழே போட்டான். கையை நீட்டி ஒரு நட்டைத் தொட்டான். இரண்டு விரலுக்கு அது சுற்றியது, தைலக் குப்பியின் மூடி சுற்றுவது போல. அடுத்ததும் சுற்றியது. மூன்றாவது புரியின் கடைசிப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது; விரல் பட்டதும் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சூடாக இருந்தது. நான்காவது ஒன்றுதான் கொஞ்சம் பிடித்திருந்தது. வீலின் ஓட்டைகள் உராய்ந்து உராய்ந்து முட்டை வடிவாகியிருந்தன. அவற்றைச் சுற்றிப் பச்சைப் பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

முப்பத்தொரு பேர். அவனும் பிச்சையாவும் சேர்ந்தால் முப்பத்து மூன்று. இத்தனை பேரையும் அந்த ஒற்றை நட்டு சுமந்து வந்திருக்கிறது. ஜெபசீலன் தலையைத் திருப்பிப் பாலத்தைப் பார்த்தான், கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

ஒவ்வொருவராக இறங்கி வந்து பார்த்தார்கள். தனராஜ் மட்டும் அந்த நட்டைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

"எப்படிம்மா தெரிஞ்சது?" என்று ஜெபசீலன் கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் போய் உரக்கக் கேட்டான்.

"கால்ல தெரிஞ்சது" என்றாள். செருப்பில்லாத பாதத்தைக் காட்டினாள். "மில்லுச் சத்தத்தில எனக்குக் காது பாதி போயிட்டு. காது போனா என்ன, அங்கன காதுக்கு வேலையே கெடையாது. நூல் சுத்துத கதிருல எது ஆடுதுன்னு மிசின்ல கைய வச்சுத்தான் பாப்போம். ரோட்டுல வண்டி குலுங்குததுக்கு ஒரு கணக்கு இல்ல. ரோட்டுப் பள்ளம் வரும், போவும். இது அப்படி இல்ல. சக்கரம் ஒரு சுத்துச் சுத்தும்போது ஒரு தட்டு. பழையகாயல்ல லேசா இருந்துச்சு. பெறவு அது ரெண்டு தட்டாச்சு."

"இத்தனை பேர் இருந்தோமே. எனக்குத் தெரியலையே."

"ஒங்களுக்குக் காது நல்லாருக்குல்லா. சத்தம் மறைச்சிருக்கும்" என்றாள், அவனைத் தேற்றுகிற மாதிரி.

ஜாக்கி வைத்து வீலைக் கழற்றினார்கள். ஜெபசீலன் பேனாக்கத்தியால் பெயிண்ட்டைச் சுரண்டினான். சீனித்தாயும் குந்தி, ரோட்டு மணலை எடுத்துத் தேய்த்துச் சுத்தம் பண்ணினாள். இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது. மற்ற மூன்று வீல்களிலும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தான். எல்லா நட்டும் கால் சுற்று, அரைச் சுற்று என்று இளகியிருந்தன. பின்னால் கரி அடுப்பின் பாரம் அழுத்திய சக்கரம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். கையில் விழுந்த தேய்ந்த நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்கும் காணாமல் போன இரண்டுக்கும் பதிலாக அந்த மூன்று வீல்களிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் போட்டு, எல்லாவற்றையும் முடுக்கினான்.

"நான் கால் ஊன்றி முடுக்கினேம்மா" என்றான். யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"முடுக்கியிருப்பிய. நான் இல்லைங்கல. எங்க மில்லுல அய்யாக்குட்டின்னு ஒரு பிட்டரு. மிசினக் கழட்டி மாட்டுனார்னா முடுக்குவாரு. ஒரு மணி நேரம் ஓட விடுவாரு. நிப்பாட்டி மறுபடி முடுக்குவாரு. ஓடும்போதுதான ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உக்காரும். உக்காந்த பெறவு முடுக்குததுதான் முடுக்கு."

தேயிலை மலையில் பத்து வருஷம் ஓட்டியவன் அதைக் கேட்டு நின்றான். நட்டு கிறீச்சிட்டது பெயிண்ட்டின் மேல். இரும்பின் மேல் அல்ல. பெயிண்ட் நசுங்கி உதிர்ந்தபோது, அத்தனை பலமும் அதோடு உதிர்ந்து போயிற்று.

அப்போது உப்பளத்துக்கு அப்பாலிருந்து காற்றோடு ஒரு ஊதல் வந்தது. மில்லில் மதிய வேலைக்கான பன்னிரண்டு மணிச் சங்கு. அந்தச் சங்குக்குள் கேட்டைத் தாண்டாதவர்களுக்கு அன்று வேலை கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சீனித்தாயைப் பார்த்தார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு நட்டைத் தன் முந்தானையால் துடைத்து, வெயிலில் பிடித்து அதன் புரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிச்சையா எழுந்து போய் விசிறியைச் சுற்ற ஆரம்பித்தான். தனராஜ் சட்டையைக் கழற்றி ஜன்னலில் போட்டுவிட்டு அவனுக்கு மாற்றாள் ஆனார்.

பாலத்தின் மேல் ஜெபசீலன் வண்டியை நடை வேகத்தில் விட்டான். கீழே தண்ணீர் இரைந்தது. ஒருவரும் வெளியே பார்க்கவில்லை. எல்லாருடைய பார்வையும் சீனித்தாயின் பாதங்களில் இருந்தது. அவள் கால் விரலை விரித்துத் தரையில் பதித்திருந்தாள். பாலம் தாண்டியதும் தலையசைத்தாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

தூத்துக்குடிக்குள் நுழைந்ததும் ஜெபசீலன் வண்டியை ஸ்டாண்டுக்கு விடவில்லை. நேரே மில் கேட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். மணி ஒன்றாகியிருந்தது. கேட்டில் இருந்த டைம் கீப்பர் நோட்டை மூடிவிட்டு, "சங்கு ஊதியாச்சு. நாளைக்கு வா" என்றார்.

"அய்யா, தப்பு என் பேர்ல" என்று ஜெபசீலன் முன்னால் வந்தான். "இந்த அம்மா சொல்லித்தான் நாங்க முப்பது பேரும் உசிரோட நிக்கோம்."

"பஸ் டிரைவர் சொன்னார்னு எழுதிக்க இங்க எடம் கெடையாதுவே."

"அப்ப நாங்களும் இங்கனயே நிக்கோம்" என்றார் தனராஜ். திரும்பிப் பார்த்தால் வண்டியில் ஒருவர்கூட இல்லை. மூட்டை, கூடை, கைக்குழந்தை என்று எல்லாரும் இறங்கி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பிட்டர் அய்யாக்குட்டி வந்தார். குட்டையான மனிதர், முழங்கை வரை கறுப்பு எண்ணெய். ஜெபசீலன் சட்டைப் பையிலிருந்த தேய்ந்த நட்டை எடுத்து அவரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னான். அவர் நட்டின் உட்புறத்தில் விரல் விட்டுத் தடவினார். ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கை நகத்தால் பெயர்த்தார்.

"பெயிண்ட் மேல முடுக்குனீரோ?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் டைம் கீப்பரிடம், "இவள நான்தான் உள்ள கூப்பிட்டேன்னு எழுதிக்கிடும்" என்றார். சீனித்தாய் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, சேலையில் மணலைத் தட்டியபடி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர் அன்று பெயிண்டைப் பார்த்துத் திருப்திப்பட்டார் என்பது வேறு கதை.

சாத்தான்குளம் திரும்பியதும் ஜெபசீலன் முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னான். வீல் உட்காரும் இடத்தில் இனிப் பெயிண்ட் படக்கூடாது. வீலைக் கழற்றி மாட்டிய நாளில், வண்டி உடன்குடியில் நின்று, எல்லா நட்டையும் மறுபடி முடுக்கிய பிறகுதான் மேலே போகும்.

"ஏல, ஒன் கையில பலம் கொறஞ்சு போச்சா? ஒரு வேலைய ரெண்டு தடவ செய்யணுமாக்கும்" என்றார் தாணுலிங்கம்.

ஜெபசீலன் வாதாடவில்லை. அடுத்த தடவை டயர் மாற்றிய அன்று, அவர் கண் முன்னாலேயே குழாய் போட்டு முடுக்கினான். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். பத்து மைல் ஓடி உடன்குடி வந்ததும், ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தான். அவருக்குத் தராசு பிடித்த கை. தயங்கித் தயங்கி அழுத்தினார். நட்டு நகர்ந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். ஸ்பேனரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் முடுக்கிரு" என்றார். "மெதுவாவே முடுக்கு. நேரமாயிட்டுன்னு எவனாவது சொன்னா எங்கிட்ட அனுப்பு."

மறுவருஷம் ஆயுதபூசையன்று மில்லைத் திறந்துவிட்டார்கள். அன்று வெளியாட்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஜெபசீலன் இன்பமணியையும் அழைத்துக்கொண்டு போனான். மிஷன் பள்ளியில் படித்த இன்பமணிக்குப் பூசை நடக்கிற இடத்துக்குப் போவதில் கூச்சம். ஆனாலும் அந்த அம்மாளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை.

உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை பஞ்சுத் தூசியில் மங்கித் தெரிகிற அளவுக்கு நீண்ட கூடம். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக மிஷின்; ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் கதிர்கள். மிஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தது. சீனித்தாய் புதுச்சேலை கட்டியிருந்தாள். இன்பமணியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்த் தன் மிஷினைக் காட்டினாள். அய்யாக்குட்டி வேடிக்கை காட்டுவதற்காக அந்த ஒன்றை மட்டும் ஓட விட்டார்.

சத்தம் ஒரே அடியாக வந்து மோதியது. ஒரு மிஷினுக்கே இப்படி என்றால் எல்லாம் ஓடும்போது எப்படியிருக்கும் என்று நினைக்கவே ஜெபசீலனுக்குத் திகைப்பாக இருந்தது. சீனித்தாய் இருபத்திரண்டு வருஷம் இதற்குள் நின்றிருக்கிறாள். கதிர்கள் சுற்றுவதே தெரியவில்லை. அசையாமல் நிற்பது போலவே இருந்தன. சீனித்தாய் மிஷினின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடவில்லை, முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பானையில் சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி சாதாரணமாக நின்றாள். நான்கு அடி நகர்ந்தாள். இன்னும் இரண்டடி. ஒரு கதிரை விரலால் காட்டினாள்.

அய்யாக்குட்டி மிஷினை நிறுத்தினார். அந்தக் கதிரை மட்டும் பிடித்து ஆட்டிக் காட்டினார். மயிரிழை ஆட்டம். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலில் பிடித்தபோதுதான் ஜெபசீலனுக்குப் புரிந்தது.

"நீங்க வச்சுப் பாருங்க தம்பி" என்றாள். மறுபடி ஓட விட்டார்கள். ஜெபசீலன் கையை வைத்தான். இரும்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு கதிரின் நடுக்கத்தை எங்கே போய்த் தேடுவது? நூறு பேர் ஒன்றாக ஜெபம் பண்ணுகிற கோயிலில் ஒருவர் மட்டும் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி? கையை எடுத்தான். உள்ளங்கை மரத்துப் போயிருந்தது.

அன்று திரும்பி வரும்போது இன்பமணி சொன்னாள்: "அந்த அம்மா கைய நான் தொட்டுப் பாத்தேன். எங்கம்மா கை மாதிரித்தான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"அதான்" என்றான் அவன். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் வந்தது, கரி அடுப்பைக் கழற்றி எறிந்தார்கள். பஸ் வேகம் கூடியது. உடன்குடியில் நின்று நட்டு முடுக்குவது மட்டும் மாறவில்லை. அந்தத் தடத்தில் ஓடிய மற்ற டிரைவர்கள் முதலில் கேலி பண்ணினார்கள். பிறகு ஒவ்வொருவராக அவன் வண்டிக்குப் பின்னால் நிறுத்தி ஸ்பேனரோடு இறங்கினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஜெபசீலன் உப்பாற்றுப் பாலத்தைப் பற்றிச் சொன்னான். தன் தப்பையும் மறைக்காமல் சொன்னான்.

திங்கட்கிழமைகளில் சீனித்தாய்க்கு முன்வரிசையில் ஓர் இடம் இருந்தது. அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. பின்னால் வீலுக்கு மேலேதான் போவாள். "முன்னால ஒண்ணும் தெரியமாட்டேங்குது தம்பி" என்பாள்.

ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் ஜெபசீலன் மில்லுக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் மிஷினில் கையை வைத்தான். நாற்பத்தெட்டாம் வருஷம், வெகுநேரம் அப்படியே நின்றான். இரும்பின் பெரிய நடுக்கத்துக்கு அடியில் எங்கோ மெல்ல, ஒரு கணக்கோடு, ஒரு தட்டு. விட்டால் போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான். கையை நகர்த்தினான். தட்டு தெளிந்தது. இன்னும் ஒரு சாண். விரலை நீட்டி ஒரு கதிரைக் காட்டினான்.

சீனித்தாய் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அதுக்கு அடுத்தது" என்றாள்.